ஜெர்மன் படிக்கும் மாணவர்களுக்கான கோடைப் படிப்பு உதவித்தொகை: யாருக்குக் கிடைக்கும், எப்படித் தயாராவது?

கேள்வி: "ஹைதராபாத்தில் பி.ஏ. ஜெர்மன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். ஜெர்மனில் பி1 தேர்வு (ஏ1 முதல் சி2 வரை உள்ள ஆறு மொழி நிலைகளில் மூன்றாவது) முடித்துவிட்டேன். ஜெர்மன் படிக்கிறவர்கள் கோடையில் அங்கேயே போய்ப் படித்துவிட்டு வர உதவித்தொகை இருக்கிறது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அப்பா சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். சொந்தச் செலவில் போகிற வசதி எங்களுக்கு இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு இது கிடைக்குமா? என்னென்ன செய்ய வேண்டும்?"

கிடைக்கும். இதற்கு விண்ணப்பிக்க இரண்டாம் ஆண்டைவிடச் சரியான நேரம் கிடையாது. நான் ஜெர்மன் கற்பிக்கிறேன். இந்த உதவித்தொகைக்குப் பல மாணவர்களைத் தயார் செய்திருக்கிறேன், நானும் ஒரு காலத்தில் விண்ணப்பித்திருக்கிறேன். தகுதி இருந்தும் நிறையப் பேர் இதைத் தவறவிடுவதைப் பார்த்த வருத்தத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் சீனியர்கள் சொன்னது டி.ஏ.ஏ.டி. தரும் கோடைப் படிப்பு உதவித்தொகை. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் சுருக்கப் பெயர்தான் டி.ஏ.ஏ.டி. 1925இல் ஹைடல்பெர்க்கில் மாணவர் பரிமாற்ற முயற்சியாகத் தொடங்கியது. போருக்குப் பிறகு 1950இல் பான் நகரில் மறுபடி நிறுவப்பட்டது. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் இது. பணத்தில் பெரும்பகுதி ஜெர்மன் அரசிடமிருந்து வருகிறது. டெல்லியில் 1960 முதல் இதற்கு அலுவலகம் உண்டு. ஆகவே இது யாரோ ஒரு தனியார் அறக்கட்டளை விளம்பரத்துக்காகத் தருகிற பரிசு இல்லை, நம்பி இறங்கலாம்.

உதவித்தொகை எதற்கு என்றால், ஜெர்மனியில் உள்ள பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறையில் வெளிநாட்டு மாணவர்களுக்காக நடத்தும் மூன்று, நான்கு வாரப் படிப்புகளுக்கு. ஜெர்மனில் இதை ஸொம்மர்குர்ஸ் என்பார்கள். சில படிப்புகள் முழுக்க மொழிப் பயிற்சி. சிலவற்றில் இலக்கியம், நாடகம், வரலாறு, மொழி கற்பித்தல் என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் வழியே மொழியைச் சொல்லித் தருவார்கள். மற்ற பாடங்களைப் படிக்கிறவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் உங்களைப் போல ஜெர்மனையே முதன்மைப் பாடமாக எடுத்தவர்களுக்கு இது கிட்டத்தட்டப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி மாதிரி. இலக்கியம் படிக்கிற ஒருவர் அந்த மொழி புழங்கும் ஊரில் ஒரு மாதமாவது இருந்து பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சரி, தகுதி. பி.ஏ. மாணவராக இருந்தால், கோடைப் படிப்பு தொடங்கும்போது குறைந்தது இரண்டு கல்வி ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். இங்கேதான் பலர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். 'விண்ணப்பிக்கும்போது' இரண்டு ஆண்டு முடிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மூன்றாம் ஆண்டு வரை காத்திருக்கிறார்கள். கடைசித் தேதி வழக்கமாக டிசம்பர் தொடக்கத்தில் வரும், படிப்பு அடுத்த கோடையில் நடக்கும். இரண்டாம் ஆண்டின் நடுவில் விண்ணப்பித்தால், கிளம்பும்போது இரண்டு ஆண்டும் முடிந்திருக்கும். மூன்றாம் ஆண்டு வரை காத்திருந்தால், கோடை வரும்போது பி.ஏ. முடிந்து, அடுத்து எங்கே சேர்வது என்ற அலைச்சலும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இந்த டிசம்பரை விடாதீர்கள்.

மொழித் தகுதி குறைந்தபட்சம் பி1. அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் ஜெர்மனை முதன்மைப் பாடமாகப் படிப்பவர் பி1 வாசலிலேயே நின்றால், வேறு பாடம் படித்துக்கொண்டே பி2 முடித்தவர் உங்களைத் தாண்டிப் போய்விடுவார். டிசம்பருக்குள் பி2 எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. பி2 பாதியில் இருக்கிறேன் என்று நேர்மையாகச் சொல்லும் நிலையில் இருந்தால் போதும்.

நீங்கள் தயங்குகிற இடத்துக்கு வருகிறேன். இந்த விண்ணப்பத்தில் குடும்ப வருமானத்தைக் கேட்பதில்லை. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தாசில்தார் கையெழுத்து எதுவும் வேண்டாம். உதவித்தொகை என்றதுமே ஏழ்மையை நிரூபிக்க வேண்டும் என்று நம் ஊரில் பழகிவிட்டோம். இங்கே பார்ப்பது மூன்றைத்தான்: உங்கள் மதிப்பெண்கள், உங்கள் ஜெர்மன், இந்தப் படிப்பு உங்களுக்கு ஏன் வேண்டும் என்பதற்கு நீங்கள் சொல்லும் காரணம். அப்பாவின் கடை உங்களுக்குத் தடையும் இல்லை, சலுகையும் இல்லை. அதனால் கடிதத்தில் குடும்பக் கஷ்டத்தை விவரிக்க வேண்டாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, ஆனால் தேர்வுக் குழு தேடுவது அதை அல்ல.

பணம் எவ்வளவு வரும்? ஒரே தவணையாக ஆயிரம் யூரோவைச் சற்றுத் தாண்டிய தொகை, பயணத்துக்குத் தனியாக ஒரு தொகை, அங்கே இருக்கும் நாட்களுக்கு மருத்துவக் காப்பீடு. ஆயிரத்துச் சொச்சம் யூரோ ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டுவிடும் என்பதால் பெரிதாகத் தெரியும். ஆனால் படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். மியூனிக் மாதிரி வாடகை எகிறிக் கிடக்கும் ஊரைத் தேர்ந்தெடுத்தால் கடைசி வாரம் திண்டாட்டம்தான். யேனா, பைராய்ட், ட்ரியர் போன்ற சின்னப் பல்கலைக்கழக ஊர்களில் இதே பணம் தாராளமாக நிற்கும். கட்டணத்திலேயே மாணவர் விடுதி அறை சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விமான டிக்கெட்டுக்கு முன்கூட்டியே கைப்பணம் போட வேண்டி வரலாம். அதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும் என்று வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். செலவான பிறகு சொல்வதைவிட அது நல்லது.

சின்ன ஊரைப் பரிந்துரைக்க எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெர்லினில் நீங்கள் தடுமாறிய அடுத்த நொடி கடைக்காரர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். சின்ன ஊரில் ரொட்டிக் கடை அம்மா பொறுமையாக நீங்கள் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருப்பார். ஒரு மாதத்தில் மொழி வளர்வது அந்தக் காத்திருப்பில்தான்.

இனி மிக முக்கியமான விஷயம், நோக்கக் கடிதம். மதிப்பெண் ஏற்கனவே வாங்கியாகிவிட்டது, அதை மாற்ற முடியாது. உங்கள் கையில் மிச்சம் இருப்பது இந்தக் கடிதம் மட்டும்தான். என்னிடம் திருத்தக் கொடுக்கப்படும் கடிதங்களில் பத்தில் ஏழு ஒரே மாதிரி தொடங்கும்: சின்ன வயதிலிருந்தே ஜெர்மனி மீது ஆர்வம், ஜெர்மனி கவிஞர்களின் நாடு, சிந்தனையாளர்களின் நாடு, அதன் பண்பாட்டை நேரில் அனுபவிக்க விரும்புகிறேன். என் முதல் கடிதமும் இதே அச்சில்தான் இருந்தது. அந்த முறை எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கடிதத்தை யார் பெயரில் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதுதான் அதன் குறை. அடுத்த ஆண்டு எழுதியதில் என்னைத் தவிர வேறு யாரும் எழுத முடியாத இரண்டு பத்திகள் இருந்தன.

என்னிடம் படித்த ஒரு மாணவியின் கடிதத்தைச் சொல்கிறேன். அவர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் ஜெர்மன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 'வைல்' (ஏனென்றால்) என்று தொடங்கும் காரண வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும் என்பதை ஆங்கிலம் வழியாக விளக்கியபோது பிள்ளைகள் குழம்பினார்கள். "தமிழில் வினை எங்கே வரும், கடைசியில்தானே, அதே மாதிரிதான்" என்றதும் அடுத்த நிமிடம் சரியாக எழுதினார்கள். நம் ஊரில் ஜெர்மன் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் கற்பிக்கப்படுகிறது. தமிழ் வழியாகக் கற்பித்தால் எந்தெந்த இடங்கள் எளிதாகும், எங்கே கடினமாகும் என்று அவர் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். அந்த நோட்டைப் பற்றித்தான் கடிதமே. அதனால் மொழி கற்பித்தல் முறைகள் உள்ள படிப்பைக் கேட்டார். கிடைத்தது. கடிதத்தில் ஆர்வம் என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை, ஆனால் ஒவ்வொரு வரியிலும் ஆர்வம் இருந்தது.

உங்களுக்கு இலக்கியம் பிடிக்கும் என்றால், நம்மிடமே பெரிய புதையல் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கின் தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலே நகரில் அச்சானது. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களும் தமிழ் ஓலைச்சுவடிகளும் ஹாலேயில் உள்ள பிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. ஜெர்மன் அறிஞர் கார்ல் கிரவுல் 1849 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் பயணம் செய்தவர். அவருடைய திருக்குறள் ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1856இல் லைப்ஸிக்கில் வெளியானது. அறம் என்ற ஒரு சொல்லை ஜெர்மனுக்குக் கொண்டுபோகும்போது என்ன பாடு படும் என்று யோசித்துப் பாருங்கள். பத்து குறளை எடுத்து, கிரவுலின் வரிகளோடு வைத்துப் படித்து, எங்கே இடிக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்தால், அது ஒரு நல்ல கடிதத்தின் உயிராக இருக்கும். அப்போது லைப்ஸிக்கில் படிப்பைக் கேட்பதற்கு இயல்பான காரணமும் கிடைத்துவிடும். அங்கிருந்து ஹாலே ரயிலில் கொஞ்ச நேரம்தான். ஆனால் படிக்காமல் இதை அப்படியே எழுதிவிடாதீர்கள். நேர்காணல் இல்லாவிட்டாலும், படிக்காமல் எழுதிய வரி படிக்காமல் எழுதியது போலவே தெரியும்.

இன்னொரு இடத்தில் பலர் சறுக்குகிறார்கள். விண்ணப்பத்தில் விருப்ப வரிசைப்படி படிப்புகளைக் குறிப்பிட வேண்டும். கடிதத்தில் இலக்கியம் பற்றி உருகிவிட்டு, பட்டியலில் வணிக ஜெர்மன் படிப்பை முதலில் போட்டால் எது உண்மை என்று குழுவுக்குப் புரியாது. ஒவ்வொரு படிப்பின் பக்கத்தையும் திறந்து, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, என்ன பாடம், எந்த நிலை மாணவர்களுக்கு என்று பாருங்கள். முதல் விருப்பத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட வகுப்பின் பெயரைக் கடிதத்தில் சொல்லி, அது ஏன் வேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

கடிதத்தை ஜெர்மனிலேயே எழுதுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுக்காதீர்கள். பி1 மாணவியின் கடிதம் சி2 நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே சந்தேகம் வரும். உங்கள் ஆசிரியர் ஒருவர் படித்துப் பிழை திருத்தலாம், அதில் தவறில்லை. வாக்கியங்கள் உங்களுடையவையாக இருக்க வேண்டும்.

அப்புறம் பரிந்துரைக் கடிதம். உங்களுக்குப் பாடம் எடுத்த பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் தர வேண்டும். துறைத் தலைவர் தந்தால்தான் மதிப்பு என்று நினைத்து, உங்கள் முகமே தெரியாத ஒருவரிடம் போகாதீர்கள். உங்கள் கட்டுரையைத் திருத்திய, வகுப்பில் நீங்கள் கேட்ட கேள்வி நினைவிருக்கிற ஆசிரியர் போதும், அவர் இளையவராக இருந்தாலும் பரவாயில்லை. அக்டோபர் கடைசியிலேயே கேட்டுவிடுங்கள். கேட்கும்போது உங்கள் கடிதத்தின் வரைவு, மதிப்பெண் பட்டியல், எந்தப் படிப்பு, என்ன கடைசித் தேதி என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். என் மாணவர் ஒருவருக்கு எல்லாம் தயாராக இருந்தும், பரிந்துரை கடைசி நாள் மாலை வரை வராததால் அந்த ஆண்டே போய்விட்டது. ஆசிரியருக்கு நினைவூட்டுவது மரியாதைக் குறைவு என்று அந்தப் பையன் பேசாமல் இருந்துவிட்டான். "மேடம், அடுத்த வாரம் கடைசித் தேதி" என்று பணிவாக ஒரு வரி அனுப்பினால் எந்த ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மற்ற தாள்கள் சுலபம். அட்டவணை வடிவில் வாழ்க்கைக் குறிப்பு, எல்லா செமஸ்டர் மதிப்பெண்களும், மொழிச் சான்று. பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். எல்லாவற்றையும் டி.ஏ.ஏ.டி.யின் இணையவாசலில் ஏற்ற வேண்டும். கடைசி நாள் இரவில் செய்யாதீர்கள்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. இடைத்தரகரும் கிடையாது. "உதவித்தொகை வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் எந்த கன்சல்டன்சியையும் நம்பாதீர்கள். அப்பா மாதிரி உழைத்துச் சேர்ப்பவர்களிடம்தான் இவர்கள் முதலில் போகிறார்கள் என்பதால் வீட்டிலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

முடிவு மார்ச், ஏப்ரல் வாக்கில் தெரியும். கிடைத்தால் உடனே கல்லூரியில் பேசுங்கள். பெரும்பாலான படிப்புகள் ஆகஸ்டில் நடக்கும். நமக்கு அப்போது புதிய செமஸ்டர் தொடங்கியிருக்கும். வருகைப் பதிவு பிரச்சினை வரும் என்பதால் துறையிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜெர்மன் துறைகள் பொதுவாக இதற்கு ஒத்துழைக்கும், அவர்களுக்கும் இது பெருமைதான். விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான குறுகிய கால ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் கூட்டம் அதிகம் என்பதால் உதவித்தொகைக் கடிதம் கைக்கு வந்ததும் நேரம் பதிவு செய்துவிடுங்கள். செலவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்தக் கடிதமே பதிலாக இருக்கும்.

அங்கே போனால் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ஒரு நிலைத் தேர்வு வைத்து வகுப்பு பிரிப்பார்கள். காலையில் மொழி வகுப்பு, பிற்பகலில் சிறு கருத்தரங்குகள், வார இறுதியில் வெளியூர்ப் பயணம். எனக்கு அங்கே மறக்க முடியாதது வகுப்பு அல்ல, சமையலறை. விடுதியில் ஜார்ஜியாவிலிருந்து வந்த ஒருத்தியும் வியட்நாமிலிருந்து வந்த ஒருத்தியும் என்னோடு இருந்தார்கள். அவர்கள் இருவருக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராது. எங்களுக்குப் பொதுவாக இருந்தது ஜெர்மன் மட்டும்தான். பருப்புக்குத் தாளிப்பது ஏன் என்று அரைகுறை ஜெர்மனில் விளக்கிய அன்றுதான், இது பாடமாகப் படித்த மொழி என்ற எண்ணம் போய், நான் பேசுகிற மொழி என்று தோன்றியது. ஜெர்மானியர்களோடு பேசுவதைவிட இப்படிக் கற்றுக்கொண்டு வந்தவர்களோடு பேசுவது தொடக்கத்தில் எளிது, கூச்சம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கி வையுங்கள். ஊர் சுற்ற, நாடு முழுவதும் உள்ளூர் ரயில்களிலும் பேருந்துகளிலும் செல்லும் மாதச் சீட்டு ஒன்று இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2025இல் 58 யூரோ ஆனது. மாதச் சந்தா என்பதால் வாங்கிய கையோடு ரத்து செய்யவும் வேண்டும். மறந்தால் அடுத்த மாதத்துக்கும் பணம் பிடித்துவிடுவார்கள்.

இந்த ஒரு மாதம் அடுத்த கட்டத்துக்கும் உதவும். எம்.ஏ.வுக்கு ஜெர்மனி போக நினைத்தால் அதே டி.ஏ.ஏ.டி.யில் முதுகலை உதவித்தொகை உண்டு. அண்மைக் காலத்தில் அது மாதம் 992 யூரோவாக இருக்கிறது. ஜெர்மன் இலக்கியமோ, ஜெர்மனை அயல்மொழியாகக் கற்பிக்கும் துறையோ படிக்க சி1 அளவு மொழி வேண்டும். டெஸ்ட்டாஃப் என்ற ஜெர்மன் மொழித் தேர்வு எழுதினால் நான்கு பகுதிகளிலும் நான்காம் நிலை என்பது பொதுவான எதிர்பார்ப்பு. கற்பிப்பதில் ஆசை இருந்தால் லைப்ஸிக்கின் ஹெர்டர் நிறுவனத்தைப் பாருங்கள். இரு பண்பாடுகளுக்கு இடையே இலக்கியம் படிக்க ஆசை என்றால் பைராய்ட். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஹைடல்பெர்க், டியூபிங்கன், ஃப்ரைபுர்க் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. உதவித்தொகை இல்லாமல் போகிறவர்கள் விசாவுக்காக, மாதாமாதம் ஒரு அளவு மட்டுமே எடுக்க முடிகிற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். ஒரு மளிகைக் கடைக் குடும்பம் அதை எங்கே போய்த் திரட்டும்? அதனால்தான் இந்த முதல் சிறிய உதவித்தொகையை இப்போதே முயற்சி செய்யுங்கள் என்று வலியுறுத்துகிறேன். ஒரு முறை அங்கே படித்து வந்த அனுபவமும், ஒரு பேராசிரியரின் அறிமுகமும், நன்றாக எழுதப் பழகிய ஒரு கடிதமும் அடுத்த விண்ணப்பத்துக்குப் பெரிய பலம்.

இந்த முறை கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். எனக்கு இரண்டாவது முறைதான் கிடைத்தது. பழைய கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள். வரைவு தயாரானதும் கேள்வியோடு சேர்த்து அனுப்பினால், நேரம் எடுத்துப் படித்துச் சொல்கிறேன். நவம்பர் பத்துக்குள் அனுப்பினால் திருத்தி எழுத உங்களுக்கு அவகாசம் இருக்கும்.